பதினாறு லட்சம் வாக்காளர்கள், ஒரு ஷேர் ஆட்டோ: ராமநாதபுரத்தில் பத்து நாட்கள்

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஒருவருடன் பத்து நாட்கள் ஊர் ஊராகச் சுற்றினேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுடைய மூத்த சகோதரர் அவர். முப்பது ஆண்டுகளாக எனக்கும் அண்ணன்தான். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் நெல்லும் மிளகாயும் போடும் விவசாயி. தன் பெயரும் சின்னமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவை இரண்டையும் விட்டுவிட்டு, அன்றன்று இரவில் குறித்துவைத்ததை நாள் வாரியாகத் தருகிறேன். வெற்றி வாய்ப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். சுயேச்சை என்பதால் அவரை முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்த பத்துப் பேருக்கும் தெரியும்.

ஏப்ரல் 8, திங்கள்: ஆர்.எஸ்.மங்கலம்

காலை 11 மணிக்கே கண்ணைத் திறக்க முடியாத வெயில். வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி (அண்ணனின் மனைவி) ஒரு சொம்பு நீராகாரத்தை நீட்டினார். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். நான் குடித்து முடித்ததும் அவர் எடுத்துவந்து காட்டியது தேர்தல் செலவுப் பதிவேடு. அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், வங்கிக் கணக்குக்கு மஞ்சள் தாள் என்று அதில் மூன்று பகுதிகள் உள்ளன. வேட்புமனு கொடுப்பதற்கு முன்பே தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும்; பிரசாரக் காலத்தில் மூன்று முறை பதிவேட்டைக் கொண்டுபோய் ஆய்வுக்குக் காட்ட வேண்டும். எட்டாம் வகுப்புவரை படித்த மதினிதான் அந்தக் கணக்கை எழுதுகிறார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். அண்ணனிடம் இருந்தது போன வருடத்து முண்டு மிளகாயை விற்று வைத்திருந்த 1,60,000 ரூபாய். அதில் 25,000 டெபாசிட்டுக்குப் போயிற்று. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பி வராது. அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், பிரதிகளின் எண்ணிக்கை மூன்றும் அடியில் அச்சிட்ட 15,000 துண்டறிக்கைகள், ஒரு ஒலிபெருக்கி, மருமகன் ஓட்டும் ஷேர் ஆட்டோ, அதன் முன்கண்ணாடியில் ஒட்டிய அனுமதிக் கடிதம், இவ்வளவுதான் எங்கள் படை. தொகுதியோ ராமநாதபுரம், விருதுநகர், புதுக்கோட்டை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. வாக்காளர்கள் 16 லட்சத்துக்கும் மேல்.

மாலையில் அண்ணன் பெரிய கண்மாய்க் கரைக்கு, அதாவது ஊர்ப் பாசன ஏரியின் கரைக்கு, அழைத்துப் போனார். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று சொல்வழக்கே உண்டு. மடை என்பது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழி. இந்தக் கரையிலிருந்து புறப்பட்ட நாரை அந்தக் கரையைப் பறந்து சேர முடியாத அளவுக்கு விரிந்த கண்மாய் என்று பொருள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து உள்வாயில் தெரிந்தது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான்.

ஏன் நிற்கிறீர்கள் என்று அங்கே வைத்துத்தான் கேட்டேன். ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி வருகிறது, இந்த மாவட்டத்தில் மட்டும் 1,700க்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன, பங்கு வைத்துக் கொடுத்தால் ஒரு மடைக்குக்கூடக் காணாது என்று அவரே கணக்குச் சொன்னார். எந்தக் கண்மாயின் வரத்துக்கால், அதாவது தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால், எந்த இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதை ஒருவன் ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும், வேட்பாளன் என்றால்தான் எந்த ஊருக்குள்ளும் நுழைந்து கேட்க முடிகிறது, சும்மா போனால் யார் எவர் என்று விசாரிக்கிறார்கள் என்றார். அவருடைய சட்டைப்பையில் நீளவாக்கில் ஒரு நோட்டு இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்: கமுதி, முதுகுளத்தூர்

காலை 6 மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பதால், அதுவரை ஆட்டோவை அமைதியாக ஓட்டிக்கொண்டு போனோம். கமுதிக்கு வரும் வழியெல்லாம் கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. கருவேலம் வேண்டாம் என்று பேசப்போகிறவர், அந்தக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுப் பிழைக்கும் மனிதர்களின் வீட்டு வாசலில் நின்று எப்படிப் பேசப்போகிறார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, விவசாயம் எந்த வருடத்தில் விட்டது என்று கேட்டார். உடம்பெல்லாம் கரியாக இருந்த பெரியவர் ஆண்டைச் சொல்லவில்லை. தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆன வருடம் என்றார். தண்ணீர் வந்தால் நாளைக்கே இந்த மூட்டத்தை மூடிவிட்டு ஏரைப் பிடிப்பேன் என்றும் சொன்னார். அதன்பிறகு எந்த ஊரிலும் அண்ணன் கருவேலத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை.

முதுகுளத்தூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பெண்கள் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. பெண்ணுக்குச் சீராகவே கொடுக்கிறோம் என்று ஒருவர் சொன்னார். டேங்கர் லாரியில் வரும் நல்ல தண்ணீர் குடம் 10 ரூபாய். காசு இல்லாத நாளில் காய்ந்த கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் அள்ளி ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள்.

எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா வண்டியை நிறுத்தி, எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு குடத்தின் மூடியைத் திறந்து சொம்பில் மொண்டு நீட்டினார். அண்ணன் தயங்கினார். அந்த அம்மா, "தாகத்தோட வந்த பிள்ளைக்கி வெலை பாத்தா குடுப்பாக? குடிப்பா" என்றார். அவர் குடித்தார். நானும் குடித்தேன். பிறகு அந்த அம்மா, எந்தக் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்தால் எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும், அது நிறைந்தால் அடுத்து எது என்று ஏழு கண்மாய்களின் பெயரை மூச்சு விடாமல் வரிசையாகச் சொன்னார். நடுவிலுள்ள நான்காவது கண்மாயின் வரத்துக்காலில் ரோடு போட்டபோது பாலம் வைக்காமல் குழாய் பதித்துவிட்டார்கள், அதற்குக் கீழே இருக்கும் மூன்றும் செத்துப்போயின என்றார். அண்ணன் நோட்டில் எழுதி முடிக்கும்வரை அவர் வெயிலில் நின்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை சொன்னார். ஓட்டுக் கேட்க மறந்துவிட்டோம் என்பது ஆட்டோ அரை கிலோமீட்டர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. துண்டறிக்கை கொடுக்க மருமகன் திரும்ப ஓடினான்.

மதியம் கம்மங்கூழ், ஒரு சொம்பு 20 ரூபாய். கருவாட்டுத் துண்டு இலவசம்.

ஏப்ரல் 10, புதன்: திருச்சுழி

இன்றைக்குத் தவறு எங்களுடையது. ஒலிபெருக்கிக்கான அனுமதியில் நாங்கள் தேதியை மாற்றி எழுதிக் கொடுத்திருந்தோம். திருச்சுழிப் பகுதிக்கு நாளைக்குத்தான் அனுமதி இருந்தது. வழியில் தேர்தல் பறக்கும் படையினர் நிறுத்திக் கடிதத்தைப் படித்துவிட்டு மைக்கைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார்கள். ஆட்டோவில் இருந்த ரொக்கத்தையும் எண்ணினார்கள், 3,840 ரூபாய். படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். கிளம்பும்போது, வேட்பாளர் இவர்தானா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மைக் இல்லாமல் நடந்தோம். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் திருச்சுழியில் வெளியூர் முகங்களுக்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேட்பாளர் தனியாக நடந்து வருவது அவர்களுக்குப் புதிதாக இருந்தது. சுயேச்சை என்று சொன்னதும் பல இடங்களில் "பலாப்பழமா?" என்று கேட்டார்கள். முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் இந்தத் தொகுதியில் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நிற்கிறார். அதே பெயரில் வேறு சிலரும் நிற்கிறார்கள். வேட்பாளர் பட்டியல் ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அடங்காமல் இரண்டாவது இயந்திரத்துக்கும் நீள்கிறது. அண்ணன் பெயர் இரண்டாவதில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. சின்னத்துக்கோ ஊருக்கு ஒரு பெயர். அறிக்கையில் அச்சடித்த பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. படத்தைக் காட்டினால், அட இதுவா என்று வீட்டுக்குள் போய் அதையே எடுத்துவந்து காட்டினார்கள்.

மைக் இல்லாததால் அண்ணனுக்குப் பேச்சு குறைந்து கேள்வி கூடியது. மூன்றே கேள்விகள். உங்கள் கண்மாய் பெயர் என்ன, எத்தனை மடை, கடைசியாக எப்போது மறுகால் போயிற்று. மூன்றாவது கேள்விக்குத்தான் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் ஒரு வருடத்தைச் சொல்ல, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் தன் தம்பி கலுங்கில் (மிஞ்சிய தண்ணீர் வழியும் இடத்தில்) மீன் பிடித்த கதையைச் சொல்லித் தீர்த்துவைப்பார். மாலைவரை 19 கண்மாய்கள் எழுதினோம். இனி மைக்கை வழி அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

ஏப்ரல் 11, வியாழன்: கீழக்கரை

இன்று ரம்ஜான். பள்ளிவாசல் பக்கம் துண்டறிக்கையோடு போகக் கூடாது என்று அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டதால், மதியம்வரை ஆட்டோ நிழலில் நின்றது. ஆனால் தெருவில் சும்மா நின்றவர்களை விட்டுவைக்கவில்லை. பெயரைக்கூடக் கேட்காத ஒரு வீட்டில் உட்காரவைத்துப் பிரியாணி போட்டார்கள். அதன்பிறகு வட்டலப்பம், கையில் கட்டிக்கொடுத்த தொதல். பனங்கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணிக்கணக்கில் கிண்டியதால் வரும் அந்தக் கருத்த பளபளப்பும் மணமும் வேறு எந்த இனிப்பிலும் நான் கண்டதில்லை. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் வேட்பாளர் என்பது சாப்பிட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தன் ஓட்டு வேறு ஒருவருக்கு என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார். இப்படி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உபசரிக்கும் நாகரிகம் எனக்கு அன்று முழுவதும் மனதில் இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி: பரமக்குடி

கொடிகள் கட்டிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன; கடக்க 40 நிமிடம் காத்திருந்தோம். ஒரு தேநீர்க் கடையில், தலைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரு இளைஞன் வெளிப்படையாகவே கேட்டான். அண்ணன் கோபப்படவில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது 41,000 ரூபாய், 16 லட்சம் பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்று பைசாகூட வராது என்று சொல்லி, அவனுடைய கண்மாயின் பெயரைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் சொன்னார்.

ஏப்ரல் 14, ஞாயிறு: அறந்தாங்கி

நேற்றும் இன்றும் இங்கேதான். சித்திரை முதல் நாள். அண்ணனுக்குக் குரல் போய்விட்டது. நேற்று மாலை தலைசுற்றி ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுப் பெண் எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்து, படுக்கப் பாய் விரித்து, விசிறிக்கொண்டே இருந்தார். இன்று அதே வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும் வைத்து, போகவிடாமல் சாப்பிடவைத்தார்கள். இது புதுக்கோட்டை மாவட்டம்; 2021இல் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய் எப்போது முடியும் என்பதுதான் இங்கே எல்லாருடைய கேள்வியும். அண்ணனுக்குப் பேச முடியாததால் நான் கேள்வி கேட்டேன், அவர் எழுதினார். முதல் முறையாக ஒரு ஊர்க் கூட்டத்தின் நடுவே நின்று பேசியபோது என் கால்கள் நடுங்கின. இத்தனை நாளும் அவர் இதை எப்படிச் செய்தார் என்ற மலைப்பு இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்: பாம்பன், ராமேஸ்வரம்

இன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன; ஆண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்து நின்றுவிட்டதால் ரயில்கள் மண்டபம் ஊரோடு திரும்பிக்கொண்டிருந்தன. புதுப் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் சாலைப் பாலத்தில் போனோம். காற்று ஆட்டோவைத் தள்ளியது.

கச்சத்தீவைப் பற்றிய பேச்சு இந்த இரண்டு வாரமாக எல்லா மேடைகளிலும் கேட்கிறது. மீனவர்கள் அண்ணனிடமும் அதைத்தான் கேட்டார்கள். 1974 ஒப்பந்தத்தைப் பற்றி நாளிதழில் படித்ததற்கு மேல் எனக்குத் தெரியாது, கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தவர்கள் உங்களுக்குள் இருப்பீர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். வாக்குறுதி எதிர்பார்த்தவர்கள் சிலர் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சிறைபட்டதைவிடப் படகு திரும்பி வராததுதான் குடும்பத்தை அழித்தது என்று ஒருவர் சொன்னபோது வேறு யாரும் பேசவில்லை.

கொஞ்சம் தள்ளி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போய்வந்த பெண்கள் பாசியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பாறை கிழித்த தழும்புகள் அவர்கள் கைகளில். பழக்கத்தில் அண்ணன் கண்மாயைப் பற்றிக் கேட்டுவிட, ஒரு பெண், "கடலுக்குப் போறவுக கிட்ட வந்து கம்மாயக் கேக்குறீகளே" என்றார். அண்ணன் மன்னிப்புக் கேட்டார். அப்போது பக்கத்தில் இருந்த இன்னொருவர், தான் பிறந்தது ஆற்றங்கரை என்ற ஊரில் என்றும், வைகை கடலைச் சேரும் இடம் அது என்றும், ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்துக்கு வந்த வருடங்களில்தான் தன் அப்பாவுக்கு இறால் கிடைத்தது என்றும் சொன்னார். வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து அதற்கு மேல் மிஞ்சினால்தான் கடலுக்கு வரும். ஒரு வாரமாக மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே வந்த கணக்கின் கடைசிக் கண்ணியை அந்தப் பெண் கொடுத்துவிட்டார். அண்ணன் நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே "ஆற்றங்கரை" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

இரவு நாட்டுப்படகில் வந்த சூடை மீன் குழம்பு; சாப்பாடு 100 ரூபாய். விசைப்படகு நின்றுவிட்டால் இனி இரண்டு மாதத்துக்கு இந்த விலைக்குக் கிடைக்காது என்றார் கடைக்காரர்.

ஏப்ரல் 16, செவ்வாய்: தொண்டி, திருவாடானை

மிச்சம் 2,000 துண்டறிக்கைகள். மாலைக்குள் தீர்ந்தன. பதநீர் இரண்டு பட்டை குடித்தேன். பனையோலையின் மணம் இரவுவரை கையில் இருந்தது.

ஏப்ரல் 17, புதன்: ராமநாதபுரம் அரண்மனை வாசல்

மாலை 6 மணிக்குப் பிரசாரம் முடிகிறது. அந்த நேரத்துக்குள் தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர் ஆட்கள் தொகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்பதும் விதி. எனக்கு ஓட்டு மதுரையில். எனவே பயணம் தானாகவே முடிந்தது.

அரண்மனை வாசல் பக்கம் பெரிய கட்சிகளின் கடைசி நேரக் கூட்டம். நாங்கள் ஒரு ஓரமாக ஆட்டோவை நிறுத்தினோம். தொகுதியில் ஏறத்தாழ 1,900 வாக்குச்சாவடிகள். சாவடிக்கு ஒரு முகவர் வைக்க ஆள் இல்லை. நாங்கள் போன ஊர்களில் தாமாக முன்வந்த 23 பேருடைய முகவர் படிவங்களை மதினி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வாக்குப்பதிவு நாளன்று சாப்பாடு வாங்கித் தரவும் காசு ஒதுக்கியிருந்தார். ஐந்தே முக்காலுக்கு அண்ணன் மைக்கை எடுத்து, உடைந்த குரலில், ஓட்டுக் கேட்டு வந்த இடத்தில் தண்ணீரும் சோறும் கொடுத்த ஊர்களின் பெயர்களை நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். வேறு எதுவும் பேசவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா தன் ஊர்ப் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

மதினி எனக்கு ஒரு பையில் முண்டு மிளகாயும் சீனியவரை வற்றலும் கட்டிக்கொடுத்தார். 6 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு பேருந்து கிளம்பியது.

ஜூன் 10, திங்கள்: மதுரை

19ஆம் தேதி வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. டெபாசிட் திரும்பவில்லை. மதினி இறுதிக் கணக்கை 30 நாள் கெடுவுக்குள் ஒப்படைத்துவிடுவார்.

தேர்தல் நடத்தை விதிகள் விலகியதால் இன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் மறுபடி நடந்தது. அண்ணன் நோட்டில் இருந்ததையெல்லாம் கண்மாய், மடை, வரத்துக்கால், அடைப்பு என்று பட்டியலாகத் தட்டச்சு செய்து, 131 கண்மாய்களுக்கு ஒரே மனுவாகக் கொடுத்திருக்கிறார். ஒப்புகைச் சீட்டு வாங்கிய கையோடு எனக்குப் பேசினார். அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் புதுக்கோட்டையில் தனியாகக் கொடுக்க வேண்டுமாம், திருச்சுழிக்கு விருதுநகரில். "விருதுநகர் ஒனக்குப் பக்கந்தானப்பா, 24ஆம் தேதி திங்கக்கெழமை காலைல நேரா அங்க வந்துரு, நோட்டு எங்கிட்ட இருக்கு" என்றார். அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.